கடலின் சூட்டைக் கேட்டுச் சாமான் எடுங்கள்

மலிவாகக் கிடைத்த சாமானெல்லாம் இலாபம் தராது என்பதை முப்பது வருடமாகக் கடை நடத்தும் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்படியிருந்தும் 2018ஆம் ஆண்டில் ஓர் இளம் வியாபாரிக்குத் தவறான ஆலோசனை சொல்லி, அவரது முதலை முடக்கிவிட்டேன். பொத்துவில் முதல் வெலிகம வரை உல்லாசப் பயணிகளை நம்பிக் கடை போட்டிருக்கும் நம்மவர்களுக்குப் பயன்படட்டும் என்றே அதை இங்கு எழுதுகிறேன்.

அந்தத் தம்பி அறுகம்பையில் சிறு கடை வைத்திருப்பவர். அலைச்சறுக்க வரும் வெளிநாட்டவருக்குத் தொப்பி, காற்சட்டை, பலகைக்குப் பூசும் மெழுகு போன்றவற்றை விற்பவர். ஒருநாள் கொழும்பில் என் கடைக்கு வந்தார்.

"காக்கா, வெட்சூட் நாற்பது ஒரே லொட்டா வந்திருக்கு. விலை கால்வாசிதான். எடுக்கவா?"

ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தடித்த இறப்பர், உறுதியான தையல், ஐரோப்பியச் சாமான். "யோசிக்காம எடுங்க தம்பி" என்றேன்.

சீசன் முடிந்தது. விற்றவை மூன்று.

சாமானில் குறையில்லை. அதில் 5/4 என்று போட்டிருந்தது; அதன் பொருளைத்தான் நான் கேட்டறியவில்லை. உடம்புப் பகுதி 5 மில்லிமீற்றர் தடிப்பு, கை கால் பகுதி 4 மில்லிமீற்றர் என்பதே அதன் அர்த்தம். அது 10 பாகை செல்சியஸ் அளவு குளிர்ந்த கடலுக்கானது. நமது கடலோ ஏறத்தாழ 27 முதல் 30 பாகை வரை இருக்கும். அதைப் போட்டு நம் வெயிலில் பலகையோடு கரையில் நடப்பவன் வெந்துபோவான்.

வெட்சூட் தண்ணீரை முற்றாகத் தடுப்பதில்லை. உள்ளே புகும் சிறிதளவு நீரை உடம்பு சூடாக்கிக்கொள்கிறது. நியோபிரீன் என்ற அந்த இறப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் உண்டு. அவையே சூடு வெளியேறாமல் காக்கின்றன. ஆகவே தடிப்புக் கூடினால் சூடு கூடும், ஆனால் கை வீசுவது கடினமாகும்.

அலைச்சறுக்குபவர்களுக்கான பொதுவான கணக்கு இதுதான். 24 பாகைக்கு மேல் நீண்ட கை லைக்ரா சட்டை போதும். அது வெயிலுக்கும் பலகை உராய்வுக்கும் காப்பு. 20 முதல் 23 வரை 2 மில்லிமீற்றர் அரைக்கை, அரைக்கால் உடுப்பு. 17 முதல் 20 வரை 3/2. 13 முதல் 17 வரை 4/3. அதற்கும் கீழே 5/4, கையுறை, காலுறை, தலையுறை.

சுழியோடிகளின் கணக்கு வேறு. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். அதனால் 28 பாகையிலும் ஒரு மணித்தியாலம் நீருக்கடியில் இருப்பவருக்குக் குளிரும். 10 மீற்றர் ஆழத்தில் அமுக்கம் இரட்டிப்பாகி, குமிழ்கள் நசுங்கி, உடுப்பும் மெலிந்துவிடும். எனவே திருகோணமலையிலோ ஹிக்கடுவையிலோ சுழியோடிகளுக்கு விற்பவர் 3 மில்லிமீற்றர் முழு உடுப்பு வைத்திருக்கலாம்.

வளைகுடாவில் கடை வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. துபாய்க் கடல் கோடையில் 30 பாகையைத் தாண்டும். மாரியில் 20 அளவுக்கு இறங்கும். ஒரே ஊர், ஆனால் இரண்டு சாமான்.

வாங்கும்போது தையலையும் பாருங்கள். இரு துண்டுகளையும் ஊடுருவித் தைத்த தட்டைத் தையலில் ஊசித்துளை வழியே நீர் கசியும். சூடான கடலுக்கு அது பரவாயில்லை, விலையும் குறைவு. குளிர்க் கடலுக்கு ஒட்டி, மறைதையல் போட்டதுதான் சரி. அளவு உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும். முதுகின் அடியிலும் கழுத்திலும் இடைவெளி இருந்தால் புதுத் தண்ணீர் வந்து வந்து போகும். எந்தத் தடிப்பும் உதவாது. ஆனால் மூச்சு முட்டவும் கூடாது. ஆகையால் போட்டுப்பார்க்க விடாமல் விற்காதீர்கள்.

இது வைத்து விற்கும் சாமானும் அல்ல. வெயில் பட்டால் இறப்பர் இறுகும், மடித்து வைத்தால் மடிப்பு விழும். அகலமான கொழுவியில் நிழலில் தொங்கவிட வேண்டும்.

தம்பியின் நட்டத்தில் பாதியை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் வேண்டாமென்றார். "சொன்னது என் வாய், அதுக்கு விலை உண்டு" என்று சொல்லிக் கொடுத்தேன். இப்போது அவர் கடையில் நிறைந்திருப்பவை லைக்ரா சட்டைகள். ஊர் திரும்பும் பயணிகள் கேட்டால் மட்டும் அந்தத் தடித்த உடுப்புகளை எடுத்துக் காட்டுவார்.

யாராவது என்னிடம் இன்று "சாமான் நல்லதா?" என்று கேட்டால், "எந்தத் தண்ணிக்கு?" என்று நான் திருப்பிக் கேட்கிறேன். அந்தக் கேள்வியைக் கற்க முப்பத்தேழு வெட்சூட் செலவாயிற்று.