அன்று கழற்றினார்கள், இன்று மாட்டுகிறார்கள்

கார்புரேட்டர் பழசு, இன்ஜெக்‌ஷன் புதுசு என்றுதான் எல்லோரும் நினைப்போம். பிரிட்டனின் டிரையம்ஃப் டிஆர் கார்களில் இந்த வரிசை தலைகீழ். 1967இல் வந்த டிஆர்5-இலேயே லூகாஸ் கம்பெனியின் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் இருந்தது. இரண்டரை லிட்டர், ஆறு சிலிண்டர், 150 குதிரைத்திறன் என்று விளம்பரம். அமெரிக்காவுக்கு மட்டும் டிஆர்250 என்ற பெயரில் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களைப் பூட்டி அனுப்பினார்கள். அங்கத்திய புகை விதிகள் ஒரு காரணம், விலை இன்னொன்று. திறன் ஏறக்குறைய 40 குதிரை குறைந்தது.

லூகாஸ் அமைப்பில் கம்ப்யூட்டர் கிடையாது. எஞ்சினோடு சேர்ந்து சுழலும் மீட்டரிங் யூனிட் ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து விடும். அதற்கு 100 பிஎஸ்ஐ-க்கு மேல் அழுத்தம் தேவை. அழுத்தம் தரும் பம்ப் டிக்கியில். அதை ஓட்டியதோ வைப்பர் மோட்டாரை மாற்றிச் செய்த மோட்டார். வெயில் நாளில் பம்ப் சூடேறி, பெட்ரோல் ஆவியாகி, வண்டி நடுரோட்டில் திக்கித் திணறும். உறைந்த பட்டாணிப் பொட்டலத்தைப் பம்பின் மேல் வைத்து வீடு வந்து சேர்ந்த கதைகள் டிஆர் வட்டாரத்தில் இன்னும் உலவுகின்றன.

தொழில்நுட்பத்தை விட, அதைத் தொடத் தெரிந்த ஆள் இல்லாததுதான் அன்றைக்கு அதன் பேரைக் கெடுத்தது என்பேன். தெருமுனை மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றி, மிதவையையும் ஜெட்டையும் மேஜையில் பரப்பி, ஊதி மாட்டிவிடுவார். மீட்டரிங் யூனிட்டைத் திறக்க அவருக்குத் துணிச்சல் வராது. அதனால் பலர் இன்ஜெக்‌ஷனையே கழற்றிப் போட்டுவிட்டு இரட்டை எஸ்யூ அல்லது மூன்று வெபர் கார்புரேட்டர்களுக்கு மாறினார்கள்.

மூன்று வெபர் என்றால் ஆறு தொண்டை, சிலிண்டருக்கு ஒன்று. ரப்பர் குழாயின் ஒரு முனையைத் தொண்டைக்குள்ளும் மறுமுனையைக் காதிலும் வைத்து, உஸ்ஸென்று காற்று இழுக்கும் சத்தத்தைக் கேட்பார்கள். ஒன்று உரக்கச் சீறினால் ஸ்க்ரூவைக் கால் திருகு திருப்ப வேண்டும். அதைச் சரிசெய்தால் பக்கத்துக் கார்புரேட்டர் முரண்டு பிடிக்கும். மெயின் ஜெட்டை மாற்ற நினைத்தால் ஒன்றல்ல, ஆறு வாங்க வேண்டும்.

அந்தக் காது படைத்தவர்கள் இன்று அருகிவிட்டார்கள். பதிலுக்கு, பார்ப்பதற்கு வெபர் போலவே இருக்கும், ஆனால் கம்ப்யூட்டர் இன்ஜெக்‌ஷனில் ஓடும் த்ராட்டில் பாடிகள் கடையில் கிடைக்கின்றன. சைலன்சர் குழாயில் ஓர் ஆக்ஸிஜன் சென்சாரை வெல்ட் செய்து, பக்கத்து சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஓட்டினால், காற்றும் பெட்ரோலும் என்ன விகிதத்தில் கலக்கின்றன என்பது திரையில் தெரியும். விரும்பிய இடத்தில் எண்ணை மாற்றினால் போதும். குளிர்காலக் காலையில் சோக்கோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. ஆனால் சென்சார் செத்தால், வழியில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

கார்புரேட்டருக்குத்தான் உயிர் இருக்கிறது என்பார்கள் பழைய ஆட்கள். அவர்கள் சொல்லும் அந்த உறுமல் திறந்த தொண்டையின் சத்தம். த்ராட்டில் பாடியும் அப்படித்தான் உறுமும். 2021இல் பிரிட்டனுக்கு வந்த இ10 பெட்ரோலோ யாரையும் விடவில்லை. அதிலுள்ள எத்தனால் பழைய ரப்பர் சீல்களை அரிக்கும், அவை கார்புரேட்டரில் இருந்தாலும் சரி, லூகாஸில் இருந்தாலும் சரி.

என்னைக் கேட்டால், டிஆர்5 வைத்திருப்பவர் பம்பை மட்டும் பாஷ் பம்பாக மாற்றிக்கொண்டு, லூகாஸையே செப்பனிட்டு ஓட்டலாம். இப்போது அதற்கென்றே கைதேர்ந்தவர்கள் இருக்கிறார்கள். டிஆர்250-க்கு இரட்டை ஸ்ட்ராம்பெர்க்கே போதும். மூன்று வெபர்தான் வேண்டுமென்றால், முதலில் அந்த ரப்பர் குழாய்க்காரரைத் தேடிப் பிடித்துவிட்டு வாங்குங்கள்.