எமிலி வீட்டுக் கொல்லைப்புறக் கதவு

ஷ்ஷ்... முன்வாசல் வேண்டாம், இப்படிக் கொல்லைப்புறமா வாங்க. அமெரிக்கக் கவிஞர் எமிலி டிக்கின்சன் கடைசியாக வீட்டைவிட்டுப் போனதும் இந்தப் பக்கம்தான். 1886 மே மாதம், அவர் சொல்லிவைத்திருந்தபடியே, வீட்டில் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர்கள் 6 பேர் வெள்ளைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்கதவைத் தாண்டி, மஞ்சள் பூக்கள் பூத்த வயல் வழியே இடுகாட்டுக்கு நடந்தார்கள்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் ஊருக்கு அன்று அவர் யார்? வெளியே தலைகாட்டாத பெண்மணி, கைப்பக்குவம் உள்ளவர். 1856-ல் ஊர்க் கால்நடைக் கண்காட்சியில் அவர் சுட்ட ரொட்டிக்கு இரண்டாம் பரிசு! மறு வருஷம் ரொட்டிப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவராகவே ஆக்கிவிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அச்சேறிய கவிதைகளோ பத்துப் பன்னிரண்டு, அதுவும் பெயரில்லாமல். எழுதியதோ ஏறக்குறைய 1,800; பெரும்பாலானவை அவர் போன பிறகுதான் தங்கை லவீனியா கையில் கிடைத்தன. மொத்தத்தில் ஏறக்குறைய பாதி, அவரே ஊசிநூலால் தைத்த குட்டிக் குட்டி ஏடுகளில்!

சரி, அடுப்படிக்கு வாங்க. டிசம்பர் 10 அவர் பிறந்தநாள். ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் அவர் கையால் எழுதிய 'பிளாக் கேக்' குறிப்பு பத்திரமாக இருக்கிறது. அதைப் பார்த்துப் பார்த்து, அவர் பிறந்தநாளுக்காக நூலகர்களே கேக் செய்திருக்கிறார்கள். அளவைக் கேட்டால் மயக்கம் வரும்: 19 முட்டை! மாவு, சர்க்கரை, வெண்ணெய் தலா 900 கிராம். உலர்திராட்சை மட்டும் இரண்டேகால் கிலோ. அது போக ஜாதிக்காய், கிராம்பு, பட்டை, கரும்புப்பாகு, அரை பைண்ட் பிராந்தி, நம் நாரத்தைக்கு அண்ணன் முறையாகும் சிட்ரான் பழத்தோல். கூட்டிப் பாருங்கள், 8 கிலோவுக்குக் குறையாது. இதைக் கிண்டப் போனால் முதலில் உடைவது கரண்டிதான் என்பது என் கணிப்பு.

மாடிக்கு ஓடிவிட்டு வந்துவிடலாம். அவர் வாழ்ந்த வீடு இப்போது அருங்காட்சியகம். அங்கே நிற்கும் அவருடைய வெள்ளை உடுப்பு, காதோடு சொல்கிறேன், நகல். அசல் அதே ஊரின் வரலாற்றுக் கழகத்தில் இருக்கிறது. ஆனால் கவனித்தீர்களா, வலப்பக்கம் பை! பென்சிலும் துண்டுச்சீட்டும் வைக்கத்தான் இருக்கும், வேறெதற்கு? ஊர்க்காரர்களும் வெளியூர்க்காரர்களும் முறைவைத்து அத்தனை கவிதைகளையும் வாசிக்கும் கூத்தும் இங்கே உண்டு. மொத்தம் சுமார் 14 மணி நேரம் ஆகுமாம். தொண்டைக்கு நான் பொறுப்பில்லை.

துண்டுச்சீட்டு என்றதும்தான் ஞாபகம் வருகிறது. எமிலி காகிதத்தை வீணாக்கவே மாட்டார். கடித உறை, சாக்லேட் சுற்றிய தாள், எதையும் விட்டதில்லை. ஒரு தாளில் ஒரு பக்கம் தேங்காய் கேக் செய்முறை, திருப்பினால் கவிதை! இதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவர்கள் எந்தப் பக்கத்தை மேலே வைப்பார்கள்? என்னைக் கேட்டால் தேங்காய்ப் பக்கம்.