எபிசோடில் நான் சொல்லாமல் விட்டது: கருக்குழாயும் ஐவிஎஃப்பும்



போன எபிசோட் கேட்டவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐவிஎஃப் ஆய்வுகூடங்களில் செயற்கை நுண்ணறிவு எப்படி நல்ல கருவைத் தேர்ந்தெடுக்கப் பார்க்கிறது என்று ஒரு மணித்தியாலம் கதைத்தோம். கமரா, அல்காரிதம், ஸ்கோர் எல்லாம் வந்தது. கேட்டுவிட்டுச் சிலர் "அப்ப இனி ஐவிஎஃப் லேசுதானே?" என்று எழுதியிருந்தீர்கள்.

அந்த எபிசோடில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டேன். மைக்குக்கு முன்னால வாய் வரவில்லை. எழுதுவது கொஞ்சம் சுகம். நானும் ஐவிஎஃப் செய்துகொண்டிருக்கிற ஒரு ஆள்தான். இரண்டு தரம் நல்ல ஸ்கோர் எடுத்த கருவை உள்ளே வைத்தார்கள். இரண்டு தரமும் நிற்கவில்லை. "சும்மா துரதிர்ஷ்டம்" என்றார்கள். பிறகு இன்னொரு இடத்தில் ஒரு டொக்டர் என்னுடைய பழைய ஸ்கானைத் திரும்பப் பார்த்தார். முதல் இடத்தில் "சூலகத்துக்குப் பக்கத்தில் சின்னக் கட்டி" என்று எழுதிவிட்டு விட்டிருந்தார்கள். அவர் அதைப் பெரிதாக்கிக் காட்டி, "இது கட்டி இல்லை, நீர் நிரம்பின கருக்குழாய். அடுத்த கருவை வைக்க முதல் இதை எடுக்க வேண்டும்" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. ஐவிஎஃப் என்றாலே கருக்குழாய் தேவையில்லாத வைத்தியம்தானே? தேவையில்லாத ஒன்றை ஏன் வெட்டி எடுக்கவேணும்? அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கண்டுபிடித்த பதில்தான் இந்தக் கடிதம்.

குழாய்க்கு என்ன வேலை?

கருப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் இருக்கிறது. ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் நீளம். 16ஆம் நூற்றாண்டில் கப்ரியேலே ஃபலோப்பியோ என்ற இத்தாலிய உடற்கூற்றியலாளர் இதை விவரித்ததால் பலோப்பியன் குழாய் என்று பெயர். சூலகத்தின் பக்கம் இருக்கிற முனையில் விரல்கள் மாதிரி விளிம்புகள் உண்டு. முட்டை வெளியே வந்ததும் அவை அதை உள்ளே அள்ளும். குழாயின் உட்சுவரில் இருக்கிற நுண்ணிய மயிர்கள் அதைக் கருப்பையை நோக்கித் தள்ளும். விந்தும் முட்டையும் சந்திப்பதும் இந்தக் குழாய்க்குள்தான்.

ஏதாவது தொற்று வந்து அந்த விரல் முனை ஒட்டிக்கொண்டால், குழாய்க்குள் சுரக்கிற நீர் வெளியேற வழியில்லாமல் தேங்கும். குழாய் மெல்ல மெல்ல வீங்கி, ஸ்கானில் கறுப்பு சொசேஜ் மாதிரித் தெரியும். இதற்குப் பெயர் ஹைட்ரோசல்பிங்ஸ். கிரேக்கத்தில் 'ஹைட்ரோ' தண்ணீர், 'சல்பிங்ஸ்' ஊதுகொம்பு. பெயர் அழகுதான், ஆள் அழகில்லை.

ஏன் வருகிறது? கிளமிடியா, கொனோரியா போன்ற பாலியல் தொற்றுகள் முக்கிய காரணம். கிளமிடியா பெரும்பாலான பெண்களில் ஒரு அறிகுறியும் காட்டாது. எண்டோமெட்ரியோசிஸ், வயிற்றில் முன்பு செய்த சத்திரசிகிச்சைகள் என்பனவும் காரணமாகலாம். எங்கட ஊர்ப் பக்கத்துக்குப் பொருந்துகிற இன்னொன்றும் இருக்கிறது: காசநோய். நெஞ்சில் மட்டும்தான் அது வரும் என்று நினைக்கிறோம். தெற்காசியாவில் கருக்குழாயைப் பழுதாக்குகிற காரணங்களில் அதுவும் ஒன்று. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் டொக்டரிடம் சொல்லிவிடுங்கள். வெள்ளைக்கார டொக்டருக்கு அதைக் கேட்கத் தோன்றாமலும் போகலாம்.

என் விஷயத்தில் காரணம் தெரியாது. பலருக்கும் தெரியாமலே போகிறதாம். அந்த "தெரியாது" எத்தனை இரவு நித்திரையைக் கெடுத்தது என்று எனக்குத்தான் தெரியும்.

ஐவிஎஃப் குழாயைத் தாண்டிப் போகிறதே, பிறகென்ன?

ஐவிஎஃப்பில் சூலகத்திலிருந்து ஊசியால் முட்டையை எடுக்கிறார்கள். ஆய்வுகூடத்தில் கருவாக்கி, நேரே கருப்பைக்குள் வைக்கிறார்கள். பாதை முழுக்கக் குழாயைச் சுற்றிப் போகிற பைபாஸ் ரோட். அடைப்பு எங்கே இருந்தாலும் கவலையில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

சிக்கல் அடைப்பில் இல்லை, தேங்கின நீரில் இருக்கிறது. குழாயின் ஒரு முனைதான் மூடியிருக்கிறது. மற்ற முனை கருப்பைக்குள் திறக்கிறது. தேங்கின நீர் அந்த வழியால் கருப்பைக்குள் கசியும். அது கருவைக் கழுவிக்கொண்டு போகலாம், கருவுக்கு நஞ்சாகலாம், கருப்பையின் உட்சுவர் கருவை ஏற்றுக்கொள்கிற தன்மையைக் குறைக்கலாம். இந்த மூன்றில் எது எவ்வளவு என்று இன்னும் வாதம் நடக்கிறது. ஆனால் விளைவு பற்றிச் சந்தேகமில்லை. 1990களின் கடைசியில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஹைட்ரோசல்பிங்ஸ் இருக்கிற பெண்களுக்கு ஐவிஎஃப்பில் கரு தங்குகிற வாய்ப்பு கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்திருந்தது. கரு கலைகிற ஆபத்தும் கூடியிருந்தது.

1999இல் ஸ்கண்டிநேவிய நாடுகளில் நடந்த ஒரு பரிசோதனையின் முடிவு வந்தது. ஹைட்ரோசல்பிங்ஸ் இருந்த 204 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு முதலில் குழாயை எடுத்துவிட்டு ஐவிஎஃப், மற்றக் குழுவுக்கு நேரே ஐவிஎஃப். குழாய் எடுத்தவர்களில் 28.6 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. எடுக்காதவர்களில் 16.3 சதவீதம். ஸ்கானிலேயே தெளிவாகத் தெரிகிற அளவுக்கு வீங்கின குழாய் உள்ளவர்களுக்குப் பலன் இன்னும் கூட. பிரிட்டனில் நைஸ் அமைப்பு 2004இலேயே, ஹைட்ரோசல்பிங்ஸ் உள்ள பெண்களுக்கு ஐவிஎஃப்புக்கு முதல் குழாயை அகற்றும் சத்திரசிகிச்சையை வழங்க வேண்டும் என்று வழிகாட்டியில் எழுதிவிட்டது.

போன எபிசோடில் நாங்கள் புகழ்ந்த கமராவுக்கு வருவம். கரு வளர்வதை இடைவிடாமல் படம் பிடிக்கிற டைம்-லாப்ஸ் முறையைப் பிரிட்டனிலும் ஹொங்கொங்கிலும் 1,575 பேரில் பரிசோதித்து, 2024இல் லான்செட் இதழில் வெளியிட்டார்கள். குழந்தை பிறக்கிற வாய்ப்பை அது கூட்டவில்லை. புதுத் தொழில்நுட்பம் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கூரையால ஒழுகிற வீட்டில் புது டிவி வாங்கி வைக்கிறது பற்றித்தான் சொல்கிறேன்.

முதல் ஐவிஎஃப் குழந்தையின் அம்மா

தேடும்போது என்னை நிறுத்தி வைத்தது ஒரு பழைய விவரம். 1978 ஜூலை 25 அன்று ஓல்ட்ஹமில் பிறந்த லூயிஸ் பிரவுனை எல்லாருக்கும் தெரியும். அவருடைய அம்மா லெஸ்லி பிரவுனுக்கும் கருக்குழாய் அடைப்புத்தான். 1970இல் குழாயைத் திறந்துவிடச் செய்த சத்திரசிகிச்சை பலிக்கவில்லை. 1977இல் டொக்டர் பற்றிக் ஸ்டெப்டோ அவருடைய குழாய்களில் மிஞ்சியிருந்ததை எடுத்தார், சுற்றி ஒட்டியிருந்த தழும்புகளைப் பிரித்தார், சூலகங்களை எட்டக்கூடிய இடத்தில் வைத்தார். அதன்பிறகுதான் அந்த ஒரே ஒரு முட்டை. அதுதான் லூயிஸ்.

அன்றைக்கு நோக்கம் வேறு: முட்டையை எடுக்க வழி வேண்டும். குழாய் நீர் கருவைக் கெடுக்கும் என்பது அப்போது பேசப்பட்ட விஷயம் இல்லை. ஆனாலும் உலகத்தின் முதல் ஐவிஎஃப் குழந்தைக்கு முன்னாலும் ஒரு குழாய்ச் சத்திரசிகிச்சை இருந்தது என்பது, ஒப்பரேஷன் திகதியைக் கையில் வைத்திருந்த எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"அடைப்பை மட்டும் எடுக்கச் சொல்லன்"

அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கடவுள் தந்ததை ஏன் பிள்ளை வெட்டி எறியிறாய்? அடைச்சிருந்தா அடைப்பை மட்டும் எடுக்கச் சொல்லன்" என்றார்.

அம்மாவின் கேள்வி பிழையில்லை. நானும் அதைத்தான் டொக்டரிடம் கேட்டேன். முனையைத் திறந்துவிடலாம். ஆனால் உள்ளே இருக்கிற நுண்மயிர்கள் ஏற்கெனவே அழிந்திருந்தால் குழாய் வேலை செய்யாது, திரும்பவும் மூடிக்கொள்ளும். குழாய்க்குள்ளேயே கரு தங்கிவிடுகிற ஆபத்தும் உண்டு. அது உயிருக்கே ஆபத்து. பழுது குறைவாக உள்ள இளம் பெண்களுக்குத் திறந்துவிடுவது நல்ல வழியாகவும் இருக்கலாம். என் குழாய்கள் அந்த நிலையைத் தாண்டிவிட்டன.

வேறு வழிகளும் உண்டு. குழாயை எடுக்காமல், கருப்பையோடு சேருகிற இடத்தில் கிளிப் போட்டு மூடலாம். வயிற்றுக்குள் எல்லாம் ஒட்டிப்போய் எடுப்பது ஆபத்தான ஆட்களுக்கு இது உதவும். ஊசியால் நீரை உறிஞ்சலாம், ஆனால் அது திரும்ப நிரம்பும்.

எடுப்பதிலும் ஒரு பயம் இருக்கிறது. சூலகத்துக்கு இரத்தம் போகிற வழி குழாய்க்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் குழாயை ஒட்டினபடி கவனமாக வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முட்டைக் கையிருப்புப் பாதிக்கப்படலாம். சில பெண்களுக்கு முதலில் முட்டை எடுத்து, கருவை உறைய வைத்துவிட்டு, பிறகு சத்திரசிகிச்சை செய்கிறார்கள். எனக்கு ஏற்கெனவே இரண்டு கரு உறைநிலையில் இருந்ததால் அந்தக் கவலை குறைவு.

லப்பரொஸ்கொப்பி முறையில் மூன்று சின்னத் துளை. காலையில் போய்ப் பின்னேரம் வீடு. வயிற்றைவிடத் தோள்தான் இரண்டு நாள் நொந்தது. வயிற்றுக்குள் நிரப்புகிற வாயுவால் அப்படி வருமாம். நோவைவிடக் கஷ்டம் அதற்கு முதல் வைத்த கையெழுத்து. இரண்டு குழாயும் போனால் இனி இயற்கையாகக் கரு தங்காது, திரும்ப முடியாது என்று படிவத்தில் இருந்தது. எப்படியும் தங்காது என்று மூளைக்குத் தெரியும். பேனை பிடித்த கைக்குத் தெரியவில்லை. அவர் பக்கத்தில் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, அதுவே போதுமாக இருந்தது.

யாருக்காவது தேவைப்பட்டால், இந்தக் கேள்விகள்

ஒன்று: அடைப்பு மட்டும்தானா, நீரும் தேங்கியிருக்கிறதா? நீர் தேங்காத அடைப்புக்கு ஐவிஎஃப்புக்கு முதல் குழாயை எடுக்க வேண்டியதில்லை. சாயம் விட்டு எடுக்கிற எக்ஸ்ரேயில், குழாய் தசை இறுகினாலும் அடைப்பு மாதிரித் தெரியும்.

இரண்டு: ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? மற்றக் குழாய் நல்லதென்றால், பழுதானதை எடுத்தபின் ஐவிஎஃப் இல்லாமலே சிலருக்குக் கரு தங்கியிருக்கிறது.

மூன்று: என் வயதுக்கும் முட்டைக் கையிருப்புக்கும் எது முதல், முட்டை எடுப்பதா, சத்திரசிகிச்சையா?

நான்கு: ஸ்கான் அறிக்கையின் நகலைத் தருவீர்களா? அது உங்களுடையது. கேட்டு வாங்குங்கள். "சின்னக் கட்டி" என்று இருந்தால் அது என்ன கட்டி என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. இரண்டு கரு போனபிறகுதான் கேட்கத் தெரிந்தது.

இப்போது பிள்ளை பற்றி யோசிக்காதவர்களுக்கும் ஒன்று. கிளமிடியாவுக்கு ஒரு சின்னப் பரிசோதனை, ஒரு அன்டிபயோட்டிக். இங்கிலாந்தில் அது இலவசம். வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கட வீடுகளில் இதைப் பற்றிக் கதைக்க மாட்டார்கள், அதனால்தான் இங்கே கதைக்கிறேன். ஆம்பிளைப் பிள்ளைகளே, உங்களுக்கும்தான். தொற்று தனியாக நடந்து வருவதில்லை.

அடுத்த மாதம் எனக்குக் கரு வைக்கிற திகதி. நிற்குமா என்று தெரியாது. 28.6 என்ற எண் பெரிய எண் இல்லை, அது ஒரு வாக்குறுதியும் இல்லை. ஆனால் போன இரண்டு தரமும் என்ன நடந்தது என்று தெரியாமல் படுத்திருந்தேன். இந்தத் தரம் தெரிந்துகொண்டு படுப்பேன். அம்மா நேற்றுப் போன் எடுத்து, "எத்தனை மணிக்கு வைக்கினம்? சொல்லு, அந்த நேரம் விளக்கு ஏத்திறன்" என்றார். நேரம் தெரிந்ததும் சொல்கிறேன் என்றேன்.

இந்த மெயிலுக்குப் பதில் போட்டால் அது நேரே எனக்குத்தான் வரும். வேறு யாரும் வாசிக்க மாட்டார்கள்.

அன்புடன்,
உங்கட மைக் நம்பர் இரண்டு