விண்ணில் விரைந்தாலும் பயணி பயணியே



ஹஜ்ஜுக்குப் புறப்படவிருந்த சத்துவாச்சாரிப் பெரியவர் ஒருவர், ஜுமுஆ முடிந்தபின் என்னை அணுகி ஓர் ஐயத்தை எழுப்பினார். "ஹஜ்ரத்! நம் முன்னோர் பம்பாய் சென்று கப்பலேறிப் பல நாட்கள் அலைகடலில் அல்லலுற்றனர். 1995ஆம் ஆண்டோடு அக்கப்பல் பயணமும் நின்றுவிட்டது. சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். ஆறு மணி நேரத்தில் சென்றடைகிறோம். துன்பமில்லாத இப்பயணத்திலும் தொழுகையைச் சுருக்க வேண்டுமா?" என்றார்.

நல்ல கேள்வி! திருமறையின் நான்காம் அத்தியாயம் 101ஆம் வசனம், எதிரிகளின் அச்சத்தைக் குறிப்பிட்டே கஸ்ர் தொழுகையைக் கூறுகிறது. அச்சம் நீங்கிய பின்னும் சுருக்குவது ஏன் என உமர் (ரலி) அவர்களே வியந்து வினவினார்கள். இது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதனை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். அச்சம் நீங்கியும் சலுகை நீங்கவில்லை. அவ்வாறே களைப்பு நீங்கினும் அது நீங்காது.

ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத் தொலைவே அளவு. பிற்கால உலமாக்கள் அதனை 48 மைல், அதாவது சுமார் 77 கிலோமீட்டர் எனக் கணித்தனர். அத்தொலைவை ஒரு மணி நேரத்தில் கடந்தாலும் சட்டம் மாறாது. சென்னை விமான நிலையமே நமக்கு 100 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. ஆகவே ஊர் எல்லையைக் கடந்து, வாலாஜாப்பேட்டையில் லுஹர் தொழ நேரினும் தனித்துத் தொழுபவருக்கு இரண்டு ரக்அத்தே. உள்ளூர் இமாமைப் பின்பற்றினால் நான்கையும் நிறைவு செய்ய வேண்டும்.

இனி, இரண்டு இடங்களில் எச்சரிக்கை தேவை. முதலாவது, கைக்கடிகாரம். ஜித்தாவின் நேரம் நம் நேரத்துக்கு இரண்டரை மணி பிந்தியது. காலை எட்டு மணிக்குப் புறப்படுபவர், நம் கடிகாரம் இரண்டைக் காட்டும்போது இறங்குவார், அங்கோ பதினொன்றரைதான்! சத்துவாச்சாரியில் பாங்கு ஒலித்திருக்கும். இவருக்கு லுஹரின் நேரமே வந்திராது. இந்திய நேரத்தை நம்பி விமானத்தில் லுஹர் தொழுதால் அத்தொழுகை நிறைவேறாது. நோன்பாளியும் தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைந்த பின்னரே நோன்பு துறக்க வேண்டும்.

இரண்டாவது, மீகாத். விமானம் ஜித்தாவை அடையுமுன்னரே மீகாத் எல்லையைக் கடந்துவிடுகிறது. ஜித்தாவில் இறங்கி இஹ்ராம் கட்டலாம் என்றிருந்து எல்லையைத் தாண்டியவர், மீண்டும் மீகாத் சென்று இஹ்ராம் கட்டாவிடில் 'தம்' என்னும் பலிப்பிராணி கொடுக்க நேரிடும். எனவே இஹ்ராம் ஆடையைச் சென்னையிலேயே அணிந்து, மீகாத் வருமுன் நிய்யத்தும் தல்பியாவும் சொல்லிவிடுங்கள். முதலில் மதீனா செல்வோருக்கு இப்போது இஹ்ராம் தேவையில்லை. மக்கா புறப்படுகையில் துல்ஹுலைஃபாவில் கட்டிக்கொள்வர்.

தோல் பெட்டியில் துணிமணிகளை அடுக்குமுன், இச்சட்டங்களை நெஞ்சில் அடுக்கிக்கொள்ளுங்கள். பயணம் எளிதானதற்கு நன்றி, பேணுதலைக் கூட்டுவதேயன்றிக் குறைப்பதன்று. எல்லாம் வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பயணங்களையும் ஏற்றருள்வானாக! ஆமீன்.