சேர்த்து வைக்க முடியாத மன்னா

விடியற்காலைப் பேருந்தில் தேனியிலிருந்து கம்பம், கூடலூர் நோக்கிப் போகிறவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். சாலையோரத்தில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஓடிக்கொண்டிருப்பார்கள். காவலர் தேர்வில் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடிக்க வேண்டும். அதற்கான ஆயத்தம் அது. தேர்வு அறிவிப்பு வந்தால் கூட்டம் பெருகும். தேர்வு முடிந்ததும் சாலை வெறிச்சோடிவிடும். வேலை கிடைத்தவனும் பிறகு ஓடுவதில்லை, கிடைக்காதவனும் ஓடுவதில்லை. கார்த்திகையில் மாலை அணிந்து, விடியலில் குளித்து, வெறுங்காலுடன் நடக்கும் நம் நண்பர்களும் மலையிலிருந்து இறங்கி மாலையைக் கழற்றியதும் பழைய தூக்கத்திற்கே திரும்பிவிடுகிறார்கள்.

இவர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று, இம்முறை இறைச்சியை விடுவது மட்டும் போதாது, தினமும் காலையில் இரண்டு மைல் ஓடுவேன் என்று நேர்ந்துகொண்டேன். ஞாயிறு நீங்கலாக நாற்பது நாளும் முல்லையாற்றங்கரையில் ஒரு நாள் தவறாமல் ஓடினேன். முதல் வாரம் விலாவில் குத்திற்று. நாலாவது வாரத்தில் உடம்பே என்னை எழுப்பியது. உயிர்ப்புப் பெருவிழாவன்று வீட்டில் ஆட்டுக்கறிக் குழம்பு. மறுநாள் விழிப்பு வந்தது. போர்வையை இழுத்து மூடிக்கொண்டேன். காலணிகள் அடுத்த சாம்பல் புதன் வரை கட்டிலுக்கடியில் கிடந்தன. அடுத்த ஆண்டும் அதே கதைதான்.

இதை நான் வேடிக்கையாகவே எண்ணியிருந்திருப்பேன். என் தந்தையாரின் நோய்தான் என்னைச் சிந்திக்க வைத்தது. அவர் பள்ளி ஆசிரியர். இருபது ஆண்டுகள் சைக்கிளிலேயே பள்ளிக்குச் சென்று வந்தவர். பிறகு மொபெட் வாங்கினார். சில ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்தது. மொபெட்தான் நோயைக் கொண்டுவந்தது என்று சொல்ல மாட்டேன். என் பாட்டனாருக்கும் அந்த நோய் இருந்தது. மருத்துவர் நடக்கச் சொன்னார். ஒரு மாதம் நடந்தார். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தது. குறைந்துவிட்டதே என்று நடையை நிறுத்தினார். சர்க்கரை மீண்டும் ஏறியது. மீண்டும் நடை, மீண்டும் நிறுத்தம். காலில் ஒரு சிறு புண் ஆறாமல் இரண்டு மாதம் எங்களை அச்சுறுத்திய பிறகுதான், நிறுத்துவது ஏன் என்ற கேள்வியை வீட்டில் எல்லோரும் கேட்கத் தொடங்கினோம்.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது.

நடையினால் சர்க்கரை எப்படிக் குறைகிறது என்று படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. நாம் நடக்கும்போது கால் தசைகள் இரத்தத்திலுள்ள சர்க்கரையை எரிபொருளாக இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பின்னும் அந்தத் தசைகள் இன்சுலினின் சொல்லைச் சற்று எளிதாகக் கேட்கின்றன. ஆனால் அந்த நன்மை ஓரிரு நாளில் தேய்ந்து மறைந்துவிடுகிறது. சர்க்கரை நோயாளிகள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் பயிற்சியின்றி இருக்கலாகாது என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். நாற்பது நாள் ஓடி, மீதி நாட்களுக்கு அதைக் கணக்கில் வரவு வைக்க முடியாது.

விவிலியத்தில் மன்னா என்றொரு உணவு வருகிறது. எகிப்தைவிட்டு வெளியேறிய இஸ்ரயேல் மக்கள் பாலைவனத்தில் பசியால் வாடியபோது, காலைதோறும் அது தரையில் பனிபோலப் படர்ந்து கிடந்தது. அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பேராசையால் மறுநாளுக்கு எடுத்து வைத்தவர்களின் பாத்திரத்தில் அது புழுத்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு முந்திய நாள் மட்டும் இரட்டிப்பாக எடுத்துக்கொள்ளலாம். சிறு வயதில் மறைக்கல்வி வகுப்பில் இந்தக் கதையைக் கேட்டபோது, கடவுள் ஏன் இத்தனை கண்டிப்பாக இருந்தார் என்று தோன்றியதுண்டு. இப்போது தந்தையாரின் இரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, உடல்நலமும் மன்னாவைப் போன்றதே என்று தெரிகிறது.

நேர்ச்சைக்கு ஒரு முடிவு நாள் உண்டு. நான் தவறியது அங்கேதான். ஓட்டத்தை இறைவனுக்குச் செலுத்தும் கடனாக வைத்துக்கொண்டேன். கடன் தீர்ந்தது, ஓட்டமும் தீர்ந்தது. ஆனால் கிறிஸ்தவ நோக்கில் உடல் நமக்குச் சொந்தமன்று, நம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. இயேசு சொன்ன தாலந்து உவமையில், தலைவன் கொடுத்த பணத்தை ஒருவன் மண்ணில் புதைத்து வைத்து அப்படியே திருப்பித் தருகிறான். அவன் திருடவில்லை, இருந்தும் கண்டிக்கப்படுகிறான். பவுலடியார் உடலைத் தூய ஆவியின் ஆலயம் என்கிறார். நம் திருமூலரும், உடலை இழுக்கென்று எண்ணியிருந்து, பின் அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டதை அறிந்து, உடலைப் பேணத் தொடங்கியதாகப் பாடுகிறார். கோயிலுக்கு விளக்கேற்றுகிறவர் நாற்பது நாளோடு நிறுத்திக்கொள்வாரா?

திமொத்தேயுவுக்கு எழுதிய கடிதத்தில் உடற்பயிற்சியின் பயன் சிறிதே என்று பவுல் எழுதியிருப்பதை, எங்கள் ஊரில் சில பெரியவர்கள் சோம்பலுக்குச் சான்றாகக் காட்டுவார்கள். இறைப்பற்றோடு ஒப்பிட்டுத்தான் அவர் அப்படிச் சொன்னார். பயனே இல்லை என்று சொல்லவில்லை. கொரிந்து நகரத்தாருக்கு எழுதும்போது ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமை காட்டுகிறார். அந்நகருக்கு அருகில் இரண்டாண்டுக்கொரு முறை பெரும் விளையாட்டு விழா நடந்து வந்தது. வாடிப்போகும் ஒரு தழைமுடிக்காக வீரர்கள் எத்தனை கட்டுப்பாட்டோடு இருந்தார்கள் என்பது அவ்வூரார்க்கு நன்கு தெரியும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இதை என் அத்தையிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். அவர் ஏல விவசாயக் கூலி. விடியுமுன்னே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி மலைக்கு மேலே கேரளத்து ஏலத்தோட்டத்தில் நாளெல்லாம் குனிந்து வேலை செய்து, இருட்டில் திரும்புகிறவர். “உனக்கு ஓட்டம் வேணும், எனக்குப் படுக்க ஒரு நாள் வேணும்டா” என்றார். அவர் சொல்வது நியாயமே. நம் பள்ளத்தாக்கில் நாற்று நடும் பெண்களிடமும் மூட்டை சுமக்கும் ஆண்களிடமும் உடற்பயிற்சி பற்றி உபதேசம் செய்வது நகைப்புக்கிடமானது. ஏழாம் நாள் ஓய்வு வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும் உண்டு என்று மோசேயின் கட்டளை குறிப்பிட்டுச் சொல்வதை, உடல்நலம் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள். நான் எழுதுவது நாற்காலியில் அமர்ந்து படிக்கிற, படிப்பிக்கிற நமக்காக. 1953இல் ஜெரி மாரிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் வெளியிட்ட ஆய்வு நமக்கே உரியது. இலண்டன் மாடிப் பேருந்துகளில் உட்கார்ந்தே இருந்த ஓட்டுநர்களைவிட, நாள் முழுதும் படியேறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்ததை அவர் கண்டார்.

சரி, நிலைக்க வைப்பது எப்படி? இலண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் உடன் ஆய்ந்தோரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வு 2009இல் வெளியானது. ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை கணக்கு வேறுபட்டது. தண்ணீர் குடிக்கும் பழக்கம் விரைவில் படிந்தது. உடற்பயிற்சிக்கு நெடுநாள் பிடித்தது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய கேடு விளையவில்லை என்பது ஆறுதலான செய்தி. இதைப் படித்தவுடன் விரல் விட்டு எண்ணினேன். தவக்காலத்திற்கு 40, சபரிமலை விரதத்திற்கு 41. இரண்டுமே பழக்கம் வேரூன்றுமுன் முடிந்துவிடுகின்றன! ஆனால் திருச்சபை நாட்காட்டியில் உயிர்ப்புப் பெருவிழாவோடு கதை முடிவதில்லை. அங்கிருந்து தூய ஆவியார் பெருவிழா வரை பாஸ்கா காலம் 50 நாள். நோன்பிருந்த நாட்களைவிடக் கொண்டாட்ட நாட்கள் அதிகம். நான் அந்த ஐம்பதைத்தான் தூங்கிக் கழித்திருக்கிறேன்.

நாட்கணக்கைவிடத் துணை பெரியது என்று இன்று எண்ணுகிறேன். ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் உடல், மனம், ஆன்மா மூன்றையும் ஒரு முக்கோணமாகக் கொண்டது. அமெரிக்காவில் அச்சங்கத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் 1891இல் கூடைப்பந்தையும், வில்லியம் மார்கன் 1895இல் கைப்பந்தையும் உருவாக்கினார்கள். இரண்டும் தனியாக ஆட முடியாத ஆட்டங்கள். ஹாரி குரோ பக் 1920இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் நடக்கிறது. பெரியகுளத்தில் சில்வர் ஜூபிளி விளையாட்டுக் கழகத்தார் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டியைக் காணச் சென்றவர்களுக்குத் தெரியும். மதம் எதுவாயினும் அந்த ஆட்டம் நம் ஊராரின் ஆட்டமாகிவிட்டது. ஐந்து பேர் காத்திருக்கும்போது ஆறாவது ஆள் போர்வைக்குள் கிடக்க முடியாது.

உயிர்த்தெழுந்த அன்றே இயேசு செய்ததாக லூக்கா எழுதும் ஒரு செயல், இருவரோடு சேர்ந்து எம்மாவு என்ற ஊருக்கு நடந்தது. ஏறக்குறைய 11 கிலோமீட்டர். உத்தமபாளையத்திலிருந்து கம்பத்திற்குப் போவதைவிடச் சற்றுக் கூடுதல். துணை வந்தவர் யாரென்று அறிந்ததும் அவ்விருவரும் அந்த இரவிலேயே திரும்பி எருசலேமுக்கு நடந்தார்கள்.

என் தந்தையார் இப்போது மாலைதோறும் ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஒன்றரை மைல் தள்ளியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டிற்கு நடந்து போகிறார். அந்தப் பெரியவருக்குச் சர்க்கரை நோயால் பார்வை மங்கிவிட்டது. அப்பா அவருக்கு நாளிதழ் வாசித்துக் காட்டிவிட்டு நடந்தே திரும்புகிறார். இரண்டாம் ஆண்டாக இது தொடர்கிறது. மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்கிறார். சென்ற வாரம், “இன்றைக்கு ஒரு நாள் இருங்களேன்” என்று அம்மா சொன்னார். “அவர் திண்ணைக்கு வந்து உட்கார்ந்திருப்பாரே” என்று சொல்லிக்கொண்டே அப்பா செருப்பை மாட்டினார்.