வெறுங்குழாய் சும்மா இருப்பதில்லை

கோடையில் இரண்டு நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் விடுகிறார்கள், அதிலும் முதல் குடம் கலங்கலாக, சில நாள் சாக்கடை வாடையோடு வருகிறது, சுத்திகரிப்பு நிலையத்தில் கோளாறா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். பெரும்பாலும் நிலையத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. தண்ணீர் வராத அந்த 48 மணி நேரத்தில் தெருவுக்கு அடியில் என்ன நடக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும். ஏரி வற்றிய ஆண்டில் இருக்கிற தண்ணீரைப் பங்கிட நகரங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. தண்ணீர் விடும் நேரத்தைக் குறைக்கலாம். அல்லது நேரத்தைத் தொடாமல் குழாயின் அழுத்தத்தைக் குறைக்கலாம். நாம் பழகியிருப்பது முதல் வழி, அதாவது முறை வைத்து விடுவது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டு கிடந்தன. சென்னைக் குடிநீர் வாரியம் நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டராக இருந்த விநியோகத்தை 52.5 கோடியாகக் குறைத்தது. முறை நாள்களுக்கு நடுவே இடைவெளி நீண்டது, மீதிக்கு லாரி ஓடியது. வேறு வழியே இல்லை என்றுதான் அப்போது எல்லாருக்கும் தோன்றியது. ஆனால் முறை வைப்பது பார்வைக்குச் சிக்கனமாகத் தெரிந்தாலும் தண்ணீரை அவ்வளவாக மிச்சப்படுத்துவதில்லை, கூடவே நோயையும் இழுத்துவருகிறது என்பதே என் கருத்து.

தெருமுனையில் ஊழியர் நீண்ட சாவியைப் போட்டு வால்வை மூடியதும், குழாயில் மிஞ்சிய தண்ணீர் இருந்த இடத்தில் நிற்பதில்லை. தாழ்ந்த பகுதி வீடுகளின் வழியாகவும் மூட்டுகளின் கசிவு வழியாகவும் அது வடிந்து இறங்குகிறது. அப்படி இறங்கும்போது அது காலி செய்யும் இடத்தில் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் கீழே போய்விடும். நேற்று வரை தண்ணீரை வெளியே கசியவிட்ட அதே ஓட்டை இப்போது வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கத் தொடங்கும். விரிசல் விட்ட ஸ்ட்ராவால் இளநீர் குடித்தால் வாய்க்கு இளநீரைவிட அதிகமாகக் காற்று வருமே, அதேதான். ஆனால் இங்கே விரிசலைச் சுற்றி இருப்பது காற்று அல்ல. அதே தெருவில்தான் பாதாளச் சாக்கடையும் போகிறது. வீட்டு இணைப்புக் குழாய் பல இடங்களில் மழைநீர் வடிகாலைக் குறுக்கே கடந்துதான் வாசலுக்கு வருகிறது. இதோடு சென்னைக்கே உரிய ஒரு வழக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் தண்ணீருக்கு மேலே ஏறும் தெம்பு இல்லாததால் வாரியக் குழாயிலேயே அடிபம்பைப் பூட்டி அடித்து எடுப்பார்கள். வசதி உள்ளவர்கள் சட்டத்தை மீறி மோட்டாரையே மாட்டிவிடுவார்கள். பம்பின் வேலையே உறிஞ்சுவது. குழாயில் தண்ணீர் தீர்ந்த பிறகும் ஒருவர் விடாமல் அடித்தால், ஓட்டைக்கு வெளியே தேங்கியிருப்பதும் குழாய்க்குள் வந்து சேரும். வாரியம் போட்ட குளோரின் இத்தனையையும் சமாளிக்காது. கர்நாடகத்தின் ஹூப்ளி-தார்வாடில் சில வார்டுகளுக்கு 24 மணி நேரமும், மற்றவற்றுக்கு முறை வைத்தும் தண்ணீர் போயிற்று. இரண்டு வகை வீடுகளின் குழாய் நீரையும் எமிலி கும்பெல், காரா நெல்சன் என்ற ஆய்வாளர்கள் சோதித்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். முறை வைத்த பகுதியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு மாதிரியில் மலக்கிருமியான ஈ. கோலி இருந்தது. இடைவிடாமல் வந்த பகுதியில் அது 1 சதவீதத்தைக்கூட எட்டவில்லை. வாசகரின் முதல் குடத்துக்கு விளக்கம் இதுதான். அந்தக் குடத்தைக் குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம், தரை கழுவ வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, நோய் வரட்டும், தண்ணீராவது மிஞ்சுகிறதா? அடுத்த முறை எப்போது என்று தெரியாதவர்கள் தேவைக்கு மேல் பிடித்து வைக்கிறார்கள். புதுத் தண்ணீர் வந்ததும் பழையதைக் கொட்டிவிட்டு அண்டாவைத் திரும்ப நிரப்புகிறார்கள். நள்ளிரவில் வரும் தண்ணீரைத் தவறவிடக் கூடாதென்று திருகைத் திறந்தபடியே வைத்துவிட்டுத் தூங்குகிறார்கள். இதற்காக யாரையும் குறை சொல்ல முடியாது. நிச்சயமில்லாத ஒன்றைச் சேர்த்துவைப்பது இயல்பு. பொறியியல் பக்கம் வந்தால் நிலைமை இன்னும் மோசம். இரண்டு நாள் தண்ணீரை இரண்டு மணி நேரத்தில் தள்ளுவதால் அந்த நேரத்தில் பெரிய குழாய்களில் வேகமும் அழுத்தமும் கூடும். வெறுங்குழாயில் பாயும் தண்ணீர் காற்றைத் துரத்திக்கொண்டு வந்து மோதுகிற மோதலில் பழைய மூட்டுகள் விட்டுப்போகும். மீட்டர் உள்ள வீட்டில் வெறும் காற்றுக்கே அது சுழலும்.

இரண்டாவது வழிக்கு அடிப்படை, கசிவுக்கும் அழுத்தத்துக்கும் உள்ள கணக்கு. இரும்புக் குழாயில் விளிம்பு மாறாத ஓட்டை இருந்தால், அழுத்தத்தைப் பாதியாக்கும்போது கசிவு சுமார் 70 சதவீதமாகக் குறையும். பிளாஸ்டிக் குழாயின் நீளவாட்டு விரிசல் அழுத்தத்தில் வாய் பிளந்து கொள்ளும், அழுத்தம் இறங்கினால் வாய் சுருங்கும். அங்கே பாதி அழுத்தத்தில் கசிவு 35 சதவீதத்துக்கே வந்துவிடலாம். சாலையை வெட்டாமலே கிடைக்கிற லாபம் இது. கருவி, அழுத்தம் குறைக்கும் வால்வு. வால்வின் தலையில் ரப்பர் சவ்வு மூடிய ஓர் அறை. குழாயின் மேல்பக்கத் தண்ணீரே ஒரு சிறு குழல் வழியாக அந்த அறைக்குள் போய் சவ்வை அழுத்தும். கதவைவிடச் சவ்வு அகலமானது என்பதால் அதே அழுத்தம் கதவை மூடும் பக்கம் வெல்லும். பக்கத்தில் சுருள்வில் வைத்த குட்டி வால்வு ஒன்று கீழ்ப்பக்க அழுத்தத்தைக் கவனித்தபடி இருக்கும். காலையில் எல்லாரும் குழாயைத் திறந்து அழுத்தம் விழுந்தால், அது அறைத் தண்ணீரை வடியவிடும், பெரிய கதவு திறக்கும். ஊர் தூங்கியதும் கீழே அழுத்தம் ஏறும், அறை நிறையும், கதவு இறங்கும். மின்சாரம் வேண்டாம், காவல் ஆள் வேண்டாம். கசிவு அதிகம் போவது அழுத்தம் ஏறும் இரவில்தான், வால்வு இறுகுவதும் அப்போதுதான். கேப்டவுனின் கெயலிட்ஷா என்ற எளியோர் குடியிருப்பில் 2001இல் நுழைவுக் குழாய்களில் இந்த ஏற்பாட்டைச் செய்தபோது, ஆண்டுக்குச் சுமார் 900 கோடி லிட்டர் மிச்சமானது. நாளுக்கு ஏறக்குறைய 2.5 கோடி லிட்டர். 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ஐம்பது வேகன்களில் 25 லட்சம் லிட்டர் கொண்டுவந்த ரயிலைப் போலப் பத்து ரயில்கள் தினமும் வருவதற்குச் சமம். அந்த ரயில் திட்டத்துக்கு அரசு ஒதுக்கியது 65 கோடி ரூபாய். ஓட்டை அடைக்கும் வேலைக்கு இவ்வளவு சுறுசுறுப்பாகப் பணம் வருவதில்லை. ரயிலுக்கு மாலை போடலாம், வால்வுக்குப் போட முடியாது.

கேப்டவுன் 2018 வறட்சியைத் தாண்டியது வால்வால் மட்டுமா என்று கேட்டால், இல்லை. பிப்ரவரி 1 முதல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்ற வரம்பு, கட்டண உயர்வு, குழாய்கள் அடைபடும் 'பூஜ்ய நாள்' பற்றிய பயம் எல்லாம் சேர்ந்துதான் அந்நகரம் 2015இல் சுமார் 120 கோடி லிட்டராக இருந்த தினசரி உச்சச் செலவைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தது. ஏழை வீடுகளில் நாளளவு தீர்ந்ததும் தானே மூடிக்கொள்ளும் கருவியைப் பொருத்தியதற்கு எதிர்ப்பும் கிளம்பியது, நியாயமான எதிர்ப்பு. ஆனால் கவனிக்க வேண்டியது, அத்தனை நெருக்கடியிலும் நகரம் முழுவதற்கும் முறை வைத்துக் குழாயைக் காயவிடவில்லை.

குறைக்க நம் குழாய்களில் அழுத்தம் எங்கே இருக்கிறது என்பது வலுவான மறுப்பு. ஒரு தளக் கட்டிடத்துக்கு 7 மீட்டர், இரண்டு தளத்துக்கு 12 மீட்டர் உயரம் தண்ணீர் ஏறும் அழுத்தம் வேண்டும் என்று மத்திய அரசின் குடிநீர்க் கையேடு நெடுங்காலமாகச் சொல்லிவந்தது; அடிபம்பு அடிக்கும் தெருவில் ஒரு மீட்டர்கூடத் தேறாது. ஒப்புக்கொள்கிறேன். ஏரி வறண்ட மே மாதத்தில் வால்வு வாங்கி மாட்டினால் பயனில்லை. 24 மணி நேரம் என்பது பணக்கார ஊருக்கான ஆடம்பரம் என்ற இன்னொரு மறுப்பை மட்டும் ஏற்க முடியவில்லை. ஒடிசாவின் புரி 2021இலேயே 24 மணி நேரமும் வரும் குழாய் நீரை அப்படியே குடிக்கலாம் என்று அறிவித்தது. முறை வைப்பதில்தான் பெரிய சம்ப்பும் மோட்டாரும் உள்ளவர் இரண்டு மணி நேரத்தில் இரண்டு நாளுக்கு நிரப்பிக்கொள்கிறார்; நான்கு பிளாஸ்டிக் குடம் உள்ளவருக்கு நான்கு குடம்தான்.

எனவே தொடங்க வேண்டியது வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரி நிறைந்திருக்கும் ஜனவரியில், அதுவும் ஒரே ஒரு சிறு பகுதியில். நுழைவில் ஒரு மீட்டரும் வால்வும் வைத்து, குழாயைக் காயவிடாமல் வைத்திருக்க வேண்டும். முதல் சில நாள் எல்லாரும் பயத்தில் பிடிப்பார்கள். சம்ப்புகள் நிறைந்து மிதவை மூடிய பிறகு ஓய்ந்துவிடும். அப்புறம் பின்னிரவு இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை மீட்டரில் ஓடுவது ஏறக்குறைய முழுக்கக் கசிவுதான். கசியும் இடத்தில் கேட்கும் சீறலை ஊழியர்கள் குழாயில் கம்பியை ஊன்றிக் காது வைத்துக் கண்டுபிடிப்பார்கள். அழுத்தமில்லாத குழாயில் அந்தச் சத்தமே எழாது, முறை வைக்கும் ஊரில் கசிவு அகப்படாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் பகுதியின் ஓட்டைகளை அடைத்து, மிச்சமானது எவ்வளவு என்று மீட்டர் காட்டிய பிறகுதான் பக்கத்துப் பகுதிக்குப் போக வேண்டும். ஊர் முழுவதையும் ஒரே நாளில் திறந்துவிட்டால் எந்த ஏரியும் தாங்காது.