தேய்மானக் கணக்கும் மனச்சான்றும்

ஒரு நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கு நம் கைக்கு வரும்போது, அதிலுள்ள எண்கள் யாவும் எண்ணியும் நிறுத்தும் எழுதப்பட்டவை என்றே நம்மில் பலர் கருதுகிறோம். இருபுறமும் பைசா பிசகாமல் பொருந்தி நிற்கும் ஐந்தொகையில் ஐயத்துக்கு இடமேது என்பது நம் எண்ணம். ஆனால் உண்மை அவ்வளவு எளிதன்று.

பெட்டியிலுள்ள பணத்தை எண்ணிவிடலாம். கிடங்கிலுள்ள சரக்கை நிறுத்துவிடலாம். கடன் பெற்றவர்களுள் எத்தனை பேர் திருப்பித் தருவார்கள்? விற்ற பொருள்களுள் எத்தனை பழுதாகி, உத்தரவாதத்தின் பேரில் திரும்பி வரும்? வாங்கிய இயந்திரம் எத்தனை ஆண்டுகள் உழைக்கும்? இவற்றை எவரும் எண்ணிச் சொல்ல இயலாது. வருங்காலத்தைக் கருத்திற்கொண்டு மதிப்பிடத்தான் வேண்டும். அந்த மதிப்பீட்டில்தான் கணக்கரின் அறிவும், அதைவிட மேலாக அவருடைய நேர்மையும் சோதிக்கப்படுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 12 இலட்சம் ரூபாய்க்கு ஒரு லாரி வாங்குகிறார். அது 8 ஆண்டுகள் ஓடும், பின்னர் விலை போகாது என்று மதிப்பிட்டால், தேய்மானமாக ஆண்டுதோறும் 1,50,000 ரூபாயைச் செலவில் எழுத வேண்டும். அதே லாரி 12 ஆண்டுகள் ஓடும், அதற்குப் பிறகும் 2,40,000 ரூபாய்க்கு விலை போகும் என்று எழுதினாலோ, ஆண்டுத் தேய்மானம் 80,000 ரூபாயாகக் குறைகிறது. ஓட்டிய தூரம் கூடவில்லை. வாடகை வருமானம் உயரவில்லை. ஆயினும் ஏட்டில் ஆண்டு இலாபம் 70,000 ரூபாய் ஏறிவிடுகிறது. இத்தகைய ஆயிரம் லாரிகள் இருந்தால் அது 7 கோடி ரூபாய்!

அப்படியானால் மதிப்பீடு என்பதே ஏமாற்று வேலையா? அன்று. நேர்மையாளர் இருவர் ஒரே பொருளைப் பார்த்து வெவ்வேறு முடிவுக்கு வரலாம். அமெரிக்காவின் அமேசான் நிறுவனம், சர்வர் எனப்படும் தன் சேவைக் கணினிகளின் ஆயுளை 2024இல் 5 ஆண்டுகளிலிருந்து 6 ஆண்டுகளாக உயர்த்தியது. செயற்கை நுண்ணறிவுத் துறையில் மாற்றங்கள் விரைந்து வருவதைக் காரணம் காட்டி, 2025 முதல் அவற்றுள் ஒரு பகுதிக்கு மீண்டும் 5 ஆண்டுகளாகக் குறைத்தது. அதே 2025ஆம் ஆண்டில் மெட்டா நிறுவனம் தன் சர்வர்கள் சிலவற்றின் ஆயுளை ஐந்தரை ஆண்டுகளாக நீட்டியது. அதனால் அவ்வாண்டின் தேய்மானச் செலவு ஏறத்தாழ 290 கோடி டாலர் குறையும் என்றும் அறிவித்தது. எவருடைய கணிப்பு சரி என்பதைக் காலம்தான் காட்டும். ஆனால் இரு நிறுவனங்களும் தாம் செய்த மாற்றத்தை ஆண்டறிக்கையில் வெளிப்படையாக எழுதின. எனவே படிப்பவர் தாமே எடைபோட்டுப் பார்க்க முடிகிறது.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. சிகாகோ நகருக்கு அருகே தலைமையகம் கொண்டிருந்த வேஸ்ட் மேனேஜ்மென்ட் என்னும் நிறுவனம், குப்பை அள்ளும் தொழிலில் பெரும் புகழ் பெற்றிருந்தது. 1992 முதல் 1997 வரை அதன் கணக்கில் நிகழ்ந்தவற்றை அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பின்னர் விரிவாக எடுத்துரைத்தது. குப்பை லாரிகளின் ஆயுள் தக்க ஆதாரமின்றி நீட்டப்பட்டது. அவற்றின் கழிவு விலை உயர்த்தப்பட்டது. இவ்வளவு இலாபம் காட்ட வேண்டும் என்று மேலிடத்தார் முன்னதாகவே குறித்துக்கொண்டு, உண்மை வருமானம் அதற்கு எட்டாதபோது மதிப்பீடுகளைத் திருத்தினர் என்பதே குற்றச்சாட்டு. தொகை முதலில் வந்தது; காரணம் பிறகு தேடப்பட்டது.

தணிக்கையாளர்கள் அறியவில்லையா? அறிந்தார்கள். ஆர்தர் ஆண்டர்சன் என்னும் பெயர்பெற்ற தணிக்கை நிறுவனம் பிழைகளைக் கண்டு, திருத்துமாறு கூறியது. நிர்வாகம் மறுத்தது. அப்போது தணிக்கையாளர்கள் உறுதியாக நிற்கவில்லை. பழைய பிழைகளைப் பத்தாண்டுகள் வரை சிறிது சிறிதாகக் கழித்துவிடலாம் என்ற உடன்பாட்டுக்கு இசைந்து, கணக்குச் சரி என்றே சான்று வழங்கினர்.

1997இல் பொறுப்பேற்ற புதிய தலைவர் கணக்குகளை மீண்டும் ஆராயச் சொன்னதும் குட்டு வெளிப்பட்டது. 1998இல் நிறுவனம் தன் பழைய இலாபக் கணக்கை 170 கோடி டாலர் அளவுக்குத் திருத்தி எழுதியது. பங்குதாரர்கள் 600 கோடி டாலருக்கு மேல் இழந்தனர் என்றது ஆணையம். 2001இல் தணிக்கை நிறுவனம் 70 இலட்சம் டாலர் அபராதம் செலுத்தியது. 2005இல் முன்னாள் அதிகாரிகள் நால்வர், குற்றத்தை ஏற்காமலும் மறுக்காமலும், மூன்று கோடி டாலருக்கு மேல் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டனர்.

இரு நிகழ்ச்சிகளிலும் ஆயுளைக் கூட்டிக் குறைத்ததே செயல். பின் வேறுபாடு எங்கே இருக்கிறது? மதிப்பீடு தவறிப்போவது குற்றமன்று. நியாயமான மதிப்பீடுகளால் கணக்கின் நம்பகத்தன்மை குறைவதில்லை என்றே பன்னாட்டுக் கணக்கியல் நெறிகளும் ஒப்புக்கொள்கின்றன. சொத்தின் ஆயுளையும் கழிவு விலையையும் குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுபடி ஆராய வேண்டும் என்றும் அவை பணிக்கின்றன. முன்பு ஓடிய லாரிகள் எத்தனை ஆண்டுகள் உழைத்தன, பழைய லாரி சந்தையில் என்ன விலைக்குப் போனது என்னும் அனுபவத்திலிருந்து பிறந்த எண் நேர்மையான எண். வேண்டிய இலாபத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற்ற எண், தற்செயலாகச் சரியாக அமைந்துவிட்டாலும், பொய்யே ஆகும்.

நம் குடும்பங்களில் வணிகவியல் பயிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அலுவலகங்களில் கணக்கெழுதுவோரும் இருக்கிறார்கள். “இந்த ஓர் எண்ணைச் சற்றே மாற்றி எழுதுங்கள்” என்று மேலதிகாரி சொல்லும் நாள் அவர்களுக்கும் வரக்கூடும். அன்று அவர் கேட்பது சிறிய தொகையாகவே இருக்கும். எவருக்கும் உடனே தீங்கு நேர்வதாகவும் தோன்றாது. “இந்த எண்ணுக்கு ஆதாரம் என்ன ஐயா?” என்று பணிவுடன் கேட்கும் துணிவை அவர்கள் இன்றே பழகிக்கொள்ளட்டும். கேட்டதையும், கிடைத்த விடையையும் எழுதி வைக்கட்டும். வேலைக்கே இடர் வருமோ என்னும் அச்சம் இயல்பானதே. அதைத் தனியே சுமக்காமல் வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளட்டும். அவ்வேளையில் அவர்களுக்குத் துணை நிற்பது குடும்பத்தாராகிய நம் கடமையன்றோ?